எஸ்டிமேட்டுக்கு முன்னால் கேட்டால்தான் கருத்து
சீர்மிகு நகரமும் நாமும்: வாசகர் கேள்வி – பதில்

சீர்மிகு நகரத் திட்டம்தான் (ஸ்மார்ட் சிட்டி) முடிந்துபோயிற்றே. இனிமேல் மக்களைக் கூப்பிட்டுக் கருத்து கேட்டு என்ன ஆகப்போகிறது?
– அஸ்தம்பட்டி வாசகர்

2015 ஜூன் 25-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் திட்டம் 2025 மார்ச் 31-ஓடு முடிந்தது. நூறு நகரங்கள், நகரம் ஒன்றுக்கு ஒன்றிய அரசின் பங்கு 500 கோடி ரூபாய், மாநில அரசும் மாநகராட்சியும் சேர்ந்து அதே அளவு போட வேண்டும் என்பது கணக்கு. சேலம் 2016 செப்டம்பரில் மதுரை, தஞ்சாவூர், வேலூரோடு அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

முடிந்தது நிதி ஒதுக்கீடுதான். கட்டிய கட்டடம், போட்ட சாலை, நட்ட விளக்கு, பதித்த குழாய் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. இனி அவற்றுக்குக் கரண்ட் பில் கட்டுவதும் பழுது பார்ப்பதும் நம் வரிப்பணம். ஆகவே இப்போது கேட்க வேண்டிய கேள்வி "என்ன கட்டப்போகிறீர்கள்?" என்பது மட்டும் அல்ல, "கட்டியதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்பதும்தான்.

உங்கள் தெருவில் நடந்த வேலைக்கு மூன்று தாள்களைக் கேளுங்கள். முதலாவது, வேலை முடிந்து மாநகராட்சியிடம் ஒப்படைத்த பட்டியல். இரண்டாவது, காண்ட்ராக்டர் தன் சொந்தச் செலவில் பழுது நீக்கித் தர வேண்டிய காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்ற விவரம். மூன்றாவது, அதற்குப் பிறகான பராமரிப்பு ஒப்பந்தம். இரண்டாவதுதான் மிக முக்கியம். அந்தத் தேதிக்கு முன் எழுத்தில் புகார் போயிருந்தால், பிடித்து வைத்திருக்கும் வைப்புத்தொகையை விடுவிக்குமுன் அதைச் சரிசெய்யச் சொல்ல அதிகாரிக்கு வழி உண்டு. ஒரு நாள் தாண்டினாலும் அதே உடைந்த பேவர் பிளாக்கை மாற்றப் புது எஸ்டிமேட், புது டெண்டர்.

எங்கள் பகுதியில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் மேடை, மைக், பொன்னாடை. நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவோம். உருப்படியாக நடத்துவது எப்படி?
– தறி நெசவாளர், அம்மாபேட்டை

கூட்டம் எப்போது, எங்கே என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. காலை பதினொரு மணிக்கு வைத்தால் தறியில் இருப்பவர் வரமாட்டார், பட்டறையில் இருப்பவர் வரமாட்டார். ஓய்வு பெற்றவர்களும் கட்சிக்காரர்களும்தான் வருவார்கள். குடிநீர் வரும் நாளில் வைத்தால் பெண்கள் யாரும் வரமாட்டார்கள். ஆடியில் எட்டுப்பேட்டை மாரியம்மன் கோயில்களிலும் பண்டிகை நடக்கும்போது வைத்தால் யாருமே வரமாட்டார்கள். வேலை முடிந்த மாலை ஒரு கூட்டம், விடுமுறை நாளில் ஒரு கூட்டம், பெண்களுக்குத் தனியாக ஒன்று என மூன்றாகப் பிரியுங்கள். இடம், எல்லாச் சாதியாரும் தயங்காமல் உள்ளே வரக்கூடியதாக இருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளிக்கூடம் நல்லது. ஒரு சமூகத்தின் மண்டபத்தில் வைத்தால் மற்றவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள்.

மேடை வேண்டாம். மேசைக்கு எட்டுப் பேர் வீதம் உட்கார வையுங்கள். ஒவ்வொரு மேசைக்கும் பேச்சை நடத்த ஒருவர், எழுத ஒருவர். எழுதுபவர் வேலை எடுத்தவருடைய ஆளாக இருக்கக் கூடாது. மேசை நடுவில் தெருவின் வரைபடம், ஒரு சென்டிமீட்டர் ஐந்து மீட்டரைக் காட்டும் அளவில். வீட்டுக் கதவு எண், கோயில், அடிபம்பு, டிரான்ஸ்ஃபார்மர், பள்ளி வாசல் எல்லாம் அதில் இருக்க வேண்டும், தமிழில் எழுதியிருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வரைந்த அழகான வண்ணப்படத்தை முதலில் காட்டாதீர்கள். அதைப் பார்த்தவுடன் "நல்லா இருக்குங்க" என்பதைத் தவிர வேறு பேச்சு வராது. அந்தப் படத்தில் சாக்கடையும் இருக்காது, நிறுத்திய டூவீலரும் இருக்காது, மாடும் இருக்காது.

வரைபடத்தைவிட நல்லது தரையில் காட்டுவது. கூட்டத்துக்கு முந்தின நாள் தெருவிலேயே சுண்ணாம்புத் தூளால் நடைபாதை எங்கே வரும், சாக்கடை எங்கே வரும் என்று கோடு போடுங்கள். டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்து, புதுச் சாலையின் மட்டம் எந்த உயரத்தில் நிற்கும் என்று வீட்டுச் சுவர்களில் சிவப்பு பெயிண்டில் குறியுங்கள். "இந்தக் கோடு எங்க வாசப்படிக்கு மேல இருக்கே!" என்று அப்போதுதான் குரல் எழும். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத்தளம் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே எழுதியிருக்கிறார். ஆனாலும் தெருவில் நின்று கேட்க ஆள் இருந்தால்தான் அது நடக்கிறது.

சாக்கடைக்கு ஒரு கணக்கு. 200-க்கு 1 சரிவு என்றால் நூறு மீட்டருக்கு 50 சென்டிமீட்டர் இறங்கும். தலைப்பில் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் தொடங்கும் சாக்கடை, தரை சமமாக இருந்தால், கடைசியில் 110 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும். அது போய்ச் சேரும் ஓடையின் அடிமட்டம் அதைவிட உயரமாக இருந்தால் தண்ணீர் திரும்பி வரும். மழைக்கு எந்த வீட்டு வாசலில் எத்தனை படி தண்ணீர் ஏறும் என்பது தெருவில் உள்ள கிழவிக்குத் தெரியும், எஸ்டிமேட் போடும் இன்ஜினியருக்குத் தெரியாது. மக்களைக் கூப்பிடுவதன் பலனே இந்தத் தகவல்தான். அதனால் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "தண்ணீர் எங்கே நிற்கிறது, இரவில் எந்த இடத்தைக் கடக்கப் பயம், ஆட்டோ எங்கே திரும்ப முடியவில்லை?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஆர்ச்சும் நீரூற்றும்தான் பதிலாக வரும்.

கடைசியாக, அன்று எழுதியதை அன்றே சத்தமாகப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பதினைந்து நாளுக்குள் ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே "ஏற்கப்பட்டது", "ஏற்கவில்லை, காரணம் இது" என்று எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். "ஏற்கவில்லை" என்று ஒட்டினால் சண்டை வரும் என்று அதிகாரிகள் பயப்படுவார்கள். எதையும் ஒட்டாமல் விட்டால்தான் அடுத்த கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

போனில் ஓட்டெடுப்பு நடத்தி, பெரும்பான்மை மக்கள் விரும்புகிறார்கள் என்று அறிவிக்கிறார்களே, அது செல்லுமா?
– கல்லூரி மாணவி, சூரமங்கலம்

ஆர்வம் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள உதவும். பெரும்பான்மை என்று சொல்ல உதவாது. போன் கையில் இருப்பவர், செய்தி பார்த்தவர், நேரம் உள்ளவர் மட்டுமே அதில் இருக்கிறார்கள். பத்தாயிரம் ஓட்டு விழுந்தாலும் அந்தச் சாய்வு போகாது. எண்ணிக்கை கூடினால் நம்பகம் கூடும் என்று நினைப்பதுதான் இதில் எல்லோரும் செய்கிற தப்பு.

அதைவிடச் சிறிய, ஆனால் சரியான வழி ஒன்று உண்டு. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் எட்டு லட்சத்து 29 ஆயிரம். அறுபது வார்டுகளுக்குப் பிரித்தால் சராசரி 13,800 பேர். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் 3,450 வீடுகள். 1 முதல் 35 வரை சீட்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். 12 வந்தால் பன்னிரண்டாவது வீட்டில் தொடங்கி, பிறகு 35 வீட்டுக்கு ஒரு வீடாகப் போங்கள். ஏறத்தாழ 98 வீடுகள் கிடைக்கும். இதில் வரும் விகிதம் உண்மையிலிருந்து 10 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகாது என்று நூற்றுக்கு 95 பங்கு நம்பலாம். விலகலை ஐந்தாகக் குறைக்க வேண்டுமானால் 384 வீடுகள் தேவை. நாலு பங்கு உழைப்பு, பலன் இரண்டு பங்கு.

கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகாதீர்கள். வேறு நேரத்தில் மூன்று முறையாவது திரும்பப் போங்கள். எப்போதும் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடாக இருக்கும். அவர்களை விட்டுவிட்டால் போன் ஓட்டெடுப்பின் அதே கோளாறு இங்கேயும் வந்துவிடும். கேள்வித்தாளில் "சாலை அகலமாக்குவதை ஆதரிக்கிறீர்களா?" என்று இருக்கக் கூடாது. "அகலமாக்கினால் இந்த மரங்கள் போகும், இந்தக் கடைகள் இடம் மாறும். அப்படியானால்?" என்று விலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு. காலி செய்யுமுன் வியாபாரிகள் எதையெல்லாம் பேசி வாங்கிக்கொள்ள வேண்டும்?
– பூ வியாபாரி, சேலம்

வாய்ப்பேச்சு எதுவும் நிற்காது என்பதிலிருந்து தொடங்குவோம். கடை எண், நீள அகலம், யார் பெயரில் ரசீது, உண்மையில் நடத்துவது யார், எத்தனை வருடம் என்று ஒரு பட்டியலை வியாபாரிகளே தயாரித்து, மாநகராட்சி வருவாய்ப் பிரிவின் கையெழுத்தோடு ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். உள்வாடகைக்கு இருப்பவரை அதில் மறைக்காதீர்கள். மறைத்தால் முதலில் தெருவுக்கு வருபவர் அவர்தான். பழைய கடைக்காரருக்குத் திரும்ப இடம் உண்டா, பொது ஏலமா, வைப்புத்தொகை எவ்வளவு என்பது மாமன்றத் தீர்மானத்தில் இருக்க வேண்டும். தீர்மானத்தின் எண்ணும் தேதியும் கையில் வந்த பிறகு சாவி கொடுங்கள்.

தற்காலிகக் கடை எங்கே என்பது அடுத்தது. பூவுக்கும் கீரைக்கும் விடியற்காலை பஸ் வந்து நிற்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரம்தான் வியாபாரம். அரை கிலோமீட்டர் தள்ளினால் மொத்தக் கொள்முதல்காரர் வேறு ஊர் பார்ப்பார். புதுக் கட்டடத்தின் வரைபடத்தில் பூக்கடை தரைத்தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மாடிக்குக் கொண்டுபோனால் மாடியில் கடையும் கீழே நடைபாதையில் வியாபாரமும் என்று இரண்டாகிவிடும், வாடகை மட்டும் மாடிக்கு. பூ நனைக்கத் தண்ணீர்க் குழாய், வழியும் நீர் போகச் சரிவு, மேற்கு வெயில் விழாத முகப்பு, மூட்டை இறக்க வண்டி நிற்கும் இடம், பெண் வியாபாரிகளுக்குப் பூட்டுள்ள கழிப்பறை – இந்த ஐந்தையும் வரைபடத்திலேயே சேர்த்துவிட்டால் செலவு சொற்பம். கட்டி முடித்த பிறகு சேர்ப்பது என்றால் உடைக்க வேண்டும்.

கடை இல்லாமல் தரையில் விற்பவர்களுக்கு வேறு பாதுகாப்பு இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். கமிஷனர் தலைமையிலான நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழுவின் கூட்டக் குறிப்பில் உங்கள் மார்க்கெட் பேச்சு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சக்கர நாற்காலியில் போகிறவர்கள் புது நடைபாதையைச் சோதிக்க எளிய வழி உண்டா?
– கிச்சிப்பாளையம் வாசகர்

அளவு டேப் ஒன்று போதும். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி, குடியிருப்புப் பகுதியில் தடையில்லாத நடை அகலம் 1.8 மீட்டர், கடைவீதியில் 2.5 மீட்டர். இது கம்பத்தையும் மரத்தையும் கழித்துவிட்டு மிச்சம் இருக்கும் அகலம். நடைபாதை உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. சரிவு 12-க்கு 1, அதாவது 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம் வேண்டும். பல இடங்களில் ஒரு முழ நீளத்தில் சறுக்குமரம் போலப் போட்டுவிட்டு ரேம்ப் என்கிறார்கள். திறப்புக்கு முன் நாற்காலியில் ஒருவரும் வெள்ளைக் கோலோடு ஒருவரும் ஒரு நடை போய் வந்தால் மொத்தக் குறையும் தெரிந்துவிடும்.

எங்கள் ஏரியைச் சீரமைக்கிறார்கள். நடைபாதை, வண்ண விளக்கு எல்லாம் வருகிறது. ஆனால் தண்ணீர்தான் வரவில்லை. பொதுமக்களாக என்ன செய்யலாம்?
– கன்னங்குறிச்சி பக்கத்திலிருந்து ஒரு வாசகி

கரைக்குச் செலவு செய்து வாய்க்காலை மறந்த கதை இது. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள்தான் சேலத்து ஏரிகளுக்கு உயிர். ஏரியின் பரப்பை அளப்பதற்கு முன் வரத்து வாய்க்காலை நடந்து பாருங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேடும் (எந்த சர்வே எண் யாருடையது என்ற பதிவேடு) புல வரைபடமும் வாங்கி, வாய்க்கால் எந்த சர்வே எண்ணில் எத்தனை மீட்டர் அகலம் என்று குறித்துக்கொண்டு, பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே வரை போய்ப் படமெடுங்கள். எங்கே குறுகியிருக்கிறது, எங்கே வீட்டுக் கழிவுக் குழாய் இறங்குகிறது, எங்கே கல்வெர்ட் (சாலைக்கு அடியில் நீர் போகும் சிறுபாலம்) அடைத்திருக்கிறது என்று மூன்று நிறத்தில் புள்ளி வையுங்கள். அந்த ஒரு தாளை வைத்துப் பேசினால் அதிகாரியின் பதில் மாறும்.

யாரோடு பேசுவது என்பதும் அதே பதிவேட்டில் இருக்கிறது. ஏரி நீர்வளத் துறையிடம், கரையோரச் சாலை மாநகராட்சியிடம், மேல் வாய்க்கால் ஊராட்சியிடம் என்று மூன்றாகப் பிரிந்திருக்கலாம். மூவரையும் ஒரே நாளில் ஒரே கரையில் நிற்க வைக்காவிட்டால் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். மீன் குத்தகைக்காரர், துணி வெளுப்பவர், மாடு மேய்ப்பவர், மேலே கழிவு விடும் பட்டறைக்காரர் ஆகியோரும் அந்தக் கரைக்கு வர வேண்டும். காலை நடைக்கு வருபவர்களை மட்டும் கேட்டால் பெஞ்சும் விளக்கும்தான் பட்டியலில் வரும், வேலி போட்ட பிறகு மாடுகளுக்குத் தண்ணீர் இருக்காது.

உங்கள் பக்கத்து மூக்கனேரியிலேயே, 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடிமக்கள் அமைப்பு முன்னின்று தூர் வாரியபோது, எடுத்த மண்ணை வெளியே ஏற்றாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். மண் ஏற்றும் லாரி வாடகை மிச்சம், பறவைக்கு இடம். பணம் போட மக்கள் தயாராக இருந்தால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும், மிச்சம் அரசு. பணம் கட்டுமுன் எஸ்டிமேட்டின் ஒவ்வொரு வரியையும் படித்து, வரத்து வாய்க்கால் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தெருவில் கேமரா வைப்பதற்கும் மக்களைக் கேட்க வேண்டுமா?
– கொலுசுப் பட்டறை உரிமையாளர், பள்ளப்பட்டி

வெள்ளி வேலை நடக்கும் தெருவில் நீங்கள் வேண்டும் என்றுதான் சொல்வீர்கள். ஆனாலும் கேட்க வேண்டும். பதிவு எத்தனை நாள் வைக்கப்படும், யார் பார்க்கலாம், பார்த்தது எந்த நோட்டில் பதிவாகும், எந்தக் கோணத்தில் வீட்டு ஜன்னல் விழுகிறது – நாலே கேள்விதான். கேமரா ஓடாமல் கிடந்தால் யாரிடம் சொல்வது என்பதைக் கம்பத்திலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் சொன்னோம், எழுதிக்கொண்டார்கள். ஆறு மாதமாக ஒன்றும் இல்லை.
– கொண்டலாம்பட்டி வாசகர்

எந்தக் கட்டத்தில் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. விரிவான திட்ட அறிக்கை எழுதும்போது சொன்னால் ஒரு கோட்டை அழித்து வரைவதோடு முடியும். டெண்டர் விட்ட பிறகு சொன்னால் அளவுப் பட்டியல் மாறும். ஒர்க் ஆர்டர் கொடுத்த பிறகு சொன்னால் காண்ட்ராக்டருக்குக் கூடுதல் பணம், அதற்கு மேலிட ஒப்புதல். அதிகாரி மனது வைத்தாலும் கை கட்டப்பட்டிருக்கும். ஆகவே எஸ்டிமேட் தயாராகிறது என்று காதில் விழுந்த வாரமே போங்கள்.

இப்போது செய்யக்கூடியது தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, "என் கோரிக்கை மீது நடவடிக்கை என்ன?" என்று கேட்காதீர்கள், "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரியில் வந்துவிடும். "இன்ன தேதிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு நகல், அதன்மேல் கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், வேலையின் அளவுப் புத்தக நகல்" என்று தாளாகக் கேளுங்கள். அளவுப் புத்தகம் என்பது செய்த வேலையை அளந்து எழுதும் நோட்டு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அதற்குப் பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். வேலையை நேரில் பார்க்கவும், போட்ட ஜல்லி, கலவையின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும்கூட இதே சட்டத்தில் உரிமை உண்டு. திட்டத்துக்காகத் தொடங்கிய சீர்மிகு நகர நிறுவனம் மாநில அரசும் மாநகராட்சியும் சரிபாதி பங்கு வைத்த கம்பெனி. 'நாங்கள் கம்பெனி, தகவல் தர மாட்டோம்' என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை.

கூடவே வார்டு குழுவையும் விடாதீர்கள். மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் இருக்க வேண்டும் என்பது அரசமைப்பின் 243 எஸ் பிரிவு. தமிழ்நாட்டில் அதற்குப் பகுதி சபைகளோடு சேர்த்து 2022-இல் விதிகள் வந்தன. குழுவுக்குத் தலைவர் உங்கள் கவுன்சிலர். தனியாக மனு கொடுப்பதைவிடக் குழுவின் தீர்மானமாக ஏற்றினால் கோப்பு அடியில் போகாது.

சீர்மிகு நகரம் சேலத்தோடு நின்றுவிட்டது. சீசனுக்கு வண்டி நெரிசலும் குப்பையும் எங்களுக்கு. மலையில் இருப்பவர்கள் யாரிடம் பேசுவது?
– காபித் தோட்டத் தொழிலாளி, ஏற்காடு

உங்களிடம் நகரத்தாரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. மே 1 கூட்டம் வருவதற்குள் சீசன் தொடங்கிவிடும். வண்டி நிறுத்தம், கழிப்பறை, குப்பை பற்றிய தீர்மானங்களை ஜனவரி 26-லேயே வையுங்கள், மார்ச் 22-இல் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

கோரம் பாருங்கள், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர். ஆள் குறைந்தால் தீர்மானம் நிற்காது. மலைக் கிராமங்களில் பஸ் நேரம் பார்த்து வைக்காவிட்டால் தொலைதூரக் குக்கிராமத்து ஆட்கள் பாதியில் கிளம்பிவிடுவார்கள், மினிட் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் முழுதாக இருக்கும். தீர்மானத்தைக் கூட்டத்திலேயே வாசித்து எழுதவைத்து, அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

காட்டு நிலத்தில் சாலை, குடிநீர்க் குழாய், அங்கன்வாடி, ரேஷன் கடை போன்றவை வேண்டும் என்றால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு உதவும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரை கட்டாயம். அந்தச் சபைக்குக் கோரம் வேறு. பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பரிந்துரையோடு எந்த இடம், எத்தனை சதுர மீட்டர், எந்தெந்த மரம் என்று ஒரு கைவரைபடத்தை இணைத்தால் மாவட்ட வன அலுவலகத்திலிருந்து அது திரும்பி வருவது குறையும்.